சாப்பிடாத அரை மணிக்குக் கூலி பிடிக்கலாமா?

கேள்வி: கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்தார் கடலைமிட்டாய் யூனிட் நடத்துகிறார்கள். வருகைக் கணக்கும் சம்பளக் கணக்கும் என் பொறுப்பு. 26 பேர் வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். மணிக்கணக்கில் கூலி, வாரம் ஆறு நாள், காலை 8 முதல் மாலை 5 வரை. போன வருஷம் விரல்ரேகை மெஷின் வாங்கினோம். யார் எப்போது சாப்பிட்டாலும், சாப்பிடாவிட்டாலும், அது தினம் அரை மணியைத் தானாகக் கழித்துவிடும். அடுப்பு வேலைக்காரர்கள் சில நாள் இரண்டு மணிக்குத்தான் தூக்குச்சட்டியைத் திறக்கிறார்கள். தீபாவளி ஆர்டர் சமயத்தில் பாக்கெட் போடுகிறவர்கள் பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள். "வேலை பாத்த நேரத்துக்குமா கூலியப் பிடிப்பீக?" என்று ஒரு அக்கா கேட்டுவிட்டார். "அந்த அரை மணிக்கும் காசைக் குடுத்துட்டா முடிஞ்சது" என்கிறார் மாமா. அவர் சொல்வது சரியா? டீ குடிக்கிற நேரத்தைக் கழிக்கலாமா?

— ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: அந்த அக்கா கேட்டது நியாயம். பிடித்த கூலியைக் கொடுத்தாக வேண்டும் என்ற அளவில் மாமா சொல்வதும் சரி. ஆனால் காசு கொடுத்ததோடு முடிந்துவிடாது. சாப்பாட்டு இடைவேளை முதலாளி விலைக்கு வாங்கிக்கொள்ளக்கூடிய நேரம் இல்லை.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, ஒருவரிடம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அதற்குள் அரை மணியாவது ஓய்வு விட வேண்டும் என்கிறது. எட்டு மணிக்கு வேலை தொடங்கினால் ஒரு மணிக்குள் விட்டாக வேண்டும். இரண்டு மணிக்குச் சாப்பிடுகிறவர் ஆறு மணி நேரம் அடுப்படியில் நின்றிருக்கிறார். அரசோ தலைமை ஆய்வாளரோ எழுத்தில் விலக்கு தந்தால் மட்டுமே ஐந்து ஆறாகலாம். அதற்கு மேல் நீட்ட அவர்களுக்கும் வழியில்லை. விலக்கு கையில் இல்லாமல் நீங்கள் இரட்டைக் கூலியே கொடுத்தாலும் அது மீறல்தான்.

இந்த அரை மணிக்கு வயது அதிகம். 1884-இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டி நாராயண் மேகாஜி லோகண்டே அரசுக்கு அனுப்பிய மனுவில், வார விடுமுறையோடு மத்தியானம் அரை மணி ஓய்வும் கேட்கப்பட்டது. 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் அது கிடைத்தது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் நிறைவேறிய 12 மணி நேர வேலைத் திருத்தம், தளர்த்தக்கூடிய பிரிவுகளில் இந்த 55-ஐயும் சேர்த்திருந்தது. எதிர்ப்பு கிளம்பி, அது திரும்பப் பெறப்பட்டதாக மே தினத்தன்று முதல்வர் அறிவித்தார்.

"அதெல்லாம் பழைய சட்டம்" என்று மாமா சொல்லக்கூடும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருப்பது உண்மை. அவற்றில் வேலை நேரத்தைப் பற்றிய தொகுப்பு நாளுக்கு 8 மணி நேரம் என்று வரையறுத்துவிட்டு, இடைவேளை எவ்வளவு என்பதை அரசின் அறிவிக்கைக்கு விட்டிருக்கிறது. மாறுகிற காலத்தில் பழைய விதிகள் தொடரும் என்று மத்திய தொழிலாளர் அமைச்சகம் சொல்லியிருப்பதால், ஐந்து மணி, அரை மணி என்பதையே பிடித்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தில் இயங்கும் இடம் தொழிற்சாலை ஆவதற்கு முன்பு 10 பேர் போதும், இப்போது 20 வேண்டும். கடலை வறுக்கவோ பாக்கெட் ஒட்டவோ கரண்டில் ஓடும் மெஷின் வைத்திருந்தால், 26 பேரோடு நீங்கள் இரண்டு கணக்கிலும் வருகிறீர்கள்.

இப்போது மெஷினுக்கு வருகிறேன். தானாகக் கழிக்கும் வசதியை இன்றே நிறுத்திவிடுங்கள். வேலைக்கு வராத நேரத்துக்குத்தான் கூலி பிடிக்கலாம், அதுவும் வராத நேரத்தின் அளவுக்கு மேல் போகக் கூடாது. 1936-ஆம் ஆண்டுக் கூலி வழங்கல் சட்டத்திலும் அதன் இடத்துக்கு வந்திருக்கும் தொகுப்பிலும் இதுதான் விதி. பத்து நிமிஷத்தில் எழுந்தவரிடம் முப்பது நிமிஷம் பிடிப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் மென்பொருள், வந்து போன நேரத்தைப் பக்கத்திலுள்ள பத்து நிமிஷத்துக்குத் தள்ளிப் பதிந்துகொண்டிருந்தது. இருபத்து மூன்று நிமிஷச் சாப்பாடுகூட ஏட்டில் அரை மணியாகத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் அப்படி முழுதாக்கக் கூடாது என்று 2021-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் மெஷின் செய்வது அதைவிட மோசம், நேரத்தைப் பார்ப்பதே இல்லை.

தினம் நாலு பதிவு வேண்டும்: வந்தது, சாப்பிடப் போனது, திரும்பியது, கிளம்பியது. பாகு படிந்த விரலை மெஷின் ஏற்காது என்பார்கள், உண்மைதான். அடுப்படிக்காரர்களுக்கு மட்டும் ஒரு நோட்டு போட்டு, அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள். வாரக் கடைசியில் மொத்தமாக வாங்கினால் எல்லா நாளும் 12.30 முதல் 1 வரை என்றுதான் இருக்கும், எந்த ஆய்வாளரும் அதை நம்ப மாட்டார். இடைவேளை தவறிய நாளில் காரணத்தை எழுதுங்கள். திருத்தினால் பழைய எண் தெரியும்படி கோடு போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். உருளியில் ஒரு கண் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவர் இடைவேளையில் இல்லை, வேலையில் இருக்கிறார். இதையும் அந்த நோட்டில் காட்ட வேண்டும்.

பாகு பதம் வந்தால் கடலையைக் கொட்டி, உருட்டி, சூடு ஆறுமுன் வெட்டியாக வேண்டும். மணி அடித்ததும் விட்டுவிட்டுப் போக முடியாது என்பது எனக்கும் தெரியும். அதற்கு வழி, 12 மணிக்கு மேல் புதுப் பாகு ஏற்றாமல் இருப்பது. அல்லது இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு 12 மணிக்கும் மற்றது 12.30-க்கும் சாப்பிடலாம். எந்தக் குழுவுக்கு எந்த நேரம் என்று எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். வேலை நேர அறிவிப்பு ஒட்டுவது சட்டக் கட்டாயம். அதில் எழுதியது ஒன்று, நடப்பது ஒன்று என்றாலும் குற்றம்தான்.

தீபாவளிச் சமயத்தில் ஆர்வத்தோடு சீக்கிரம் எழுகிறவர்களை என்ன செய்வது? தீப்பெட்டி ஆபீஸ்களில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். நாலு பெட்டி கூட அடைக்க வேண்டும் என்று சோற்றை அவசரமாக விழுங்குவார்கள். அவராகவே செய்தார் என்பது உங்களுக்குச் சாக்கு ஆகாது, ஏனென்றால் வேலை வாங்குவதைப் போலவே வேலை செய்ய விடுவதையும் சட்டம் தடுக்கிறது. அந்த அரை மணிக்குப் பாக்கெட் அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை.

டீ நேரத்தைக் கழிக்காதீர்கள். பத்துப் பத்து நிமிஷமாக மூன்று டீயைக் கூட்டி அரை மணி இடைவேளை என்று காட்டவும் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 8 முதல் 5 வரை 9 மணி. சாப்பாடு போக எட்டரை. ஆறு நாளுக்கு 51. பழைய சட்டத்தின் வார வரம்பு 48. ஆறு நாளும் வந்தவருக்கு மூன்று மணி நேரம் இரட்டைக் கூலி பாக்கி. புதிய தொகுப்பின்படி தினம் அரை மணி என்று கூட்டினாலும் அதே மூன்றுதான் வருகிறது. சாப்பாட்டு நேரத்திலும் வேலை வாங்கினால் அந்த அரை மணியும் இரட்டைக் கணக்கில்தான் சேரும். மாமா நினைக்கிற ஒற்றைக் கூலி அங்கே போதாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் விட்டால் சரியாக 48 வரும். ஆனால் அவர்களுக்கு வாரக் கூலி குறையும். அதனால் மணிக்கூலியைக் கொஞ்சம் ஏற்றாமல் அதைச் செய்யாதீர்கள்.

மெஷின் வந்த நாளிலிருந்து பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பதே நல்லது. கூலிப் பாக்கி கேட்டு மனுப் போட முன்பு 12 மாதம்தான் அவகாசம், 2019-ஆம் ஆண்டுக் கூலித் தொகுப்பில் அது மூன்று வருஷம். யார் எத்தனை நாள் இடைவேளை எடுக்கவில்லை என்பதற்கு உங்களிடம் பதிவு இல்லாததால், அந்த அக்காவையும் இன்னும் இரண்டு பேரையும் உட்காரவைத்து, ஆர்டர் தேதிகளைப் பார்த்து, ஒரு கணக்குக்கு வாருங்கள். சந்தேகம் வருகிற நாளை அவர்கள் பக்கமே எழுதிக்கொள்ளுங்கள். கொடுத்த தொகைக்குத் தனி ரசீது வாங்க மறக்காதீர்கள்.