அச்சேறிய அட்சரம்

சென்ற ஆண்டு மாணாக்கன் ஒருவன் தன் அட்சரக்கூட்டைக் கையிலேந்தி என்னிடம் வந்தான். கயிறறுந்து வீழ்ந்ததில் வெள்ளிக்கூட்டின் மூடி கழன்றுவிட்டது. எழுத்தாணியால் கீறிய செப்புத்தகடு உள்ளிருக்குமென நம்பியிருந்தவன் கண்டதோ, அச்சிட்ட தாட்சுருள் ஒன்று. “ஐயா, அம்மம்மா ஏமாந்துவிட்டாரோ?” என்றான். அவனுக்குக் கூறிய விடையையே ஈண்டு விரித்தெழுதுகின்றேன்.

மந்திரத்தை அச்சிடல் நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. யப்பானில் கி. பி. 770 அளவில், சோதோகு பேரரசியின் ஆணைப்படி பௌத்த தாரணிகள் அச்சிடப்பெற்றுச் சிறு மரக்கோபுரங்களுள் வைக்கப்பெற்றன. எகிப்து முதலிய அரபு நாடுகளிலோ, பத்தாம் நூற்றாண்டு தொட்டுப் பதினான்காம் நூற்றாண்டு வரை அச்சுத் தாயத்துக்கள் வழங்கின. செருமனியில் கூட்டன்பர்க்கு நூல் அச்சிட்டது 1450ஆம் ஆண்டையொட்டியே என்பதை மாணாக்கர் நினைவிற் கொள்க.

ஒடுங்கி நீண்ட தாளில் குர்ஆன் வசனங்களைப் பதித்துச் சுருட்டிக் கூட்டிலடைத்து அணிந்தனர். அவ்வச்சினைத் ‘தர்ஷ்’ என்றனர். தெருவில் வித்தை காட்டியும் இரந்தும் பிழைத்தோரைப் பாடிய அபூ துலஃப், சஃபியுத்தீன் அல்ஹில்லி என்னும் புலவரிருவர் இதனைக் குறிக்கின்றனர். பின்னவர் வெள்ளீய அச்சினைச் சுட்டுவர். ஈரக்களிமண்ணில் எழுதி, அதன்மேல் உருக்கிய வெள்ளீயத்தை வார்த்தனர் போலும் என்பது அறிஞர் சிலர் துணிபு. மரத்திற் செதுக்கினர் என்பாரும் உளர். மரமாயின் எழுத்தைக் கண்ணாடியிற் காண்பதுபோல இடவலம் மாற்றிச் செதுக்கல் வேண்டும். களிமண்ணிலோ நேரே எழுதலாம். வார்ப்பில் மாறி, தாளில் மீண்டும் நேராகும்.

எம் கண்டிப் பகுதியின் தாளிப்பனை ஏடு இதற்கு எதிரானது. வேகவைத்து உலர்த்தி மெருகிட்ட ஓலையை எழுத்தாணியாற் கீறிக் கரியும் எண்ணெயும் தடவித் துடைப்பர். மை பள்ளத்தில் தங்கும். தர்ஷிலோ மேட்டில் தங்கும். அதனால் ஒருமுறை உழைத்து நூறு பேருக்குக் கொடுக்கலாம். ஏட்டில் ஒவ்வொருவர்க்கும் புதிதாய்க் கீறல் வேண்டும். எழுதுவோனுக்குக் கூலி கொடுக்கவியலாத ஏழைக்கும் தர்ஷ் எட்டியிருக்கும் என்பது என் கருத்து. விற்றவருள் எத்தர் இருந்திருக்கலாம். அதுகொண்டு அச்சினைப் பழித்தல் தகாது.

மறுவாரம் அம்மாணாக்கன் களிமண்ணில் ‘முருகா’ எனக் கீறி, மெழுகுதிரியை உருக்கி வார்த்து வந்தான். எண்ணெயிற் குழைத்த கரியைத் தடவித் தாளில் ஒற்றினோம். எழுத்துக்கள் இடவலம் மாறி வந்தன! மிகு கவனத்தால் அவன் களிமண்ணிலேயே மாற்றி எழுதியிருந்தான். வகுப்பு முழுதும் நகைத்தது, அவனும் நகைத்தான். இரண்டாம் வார்ப்பு செவ்வையாய் அமைந்தது.

கூட்டின் மூடியைப் பொற்கொல்லர் பொருத்திக் கொடுத்தார். உள்ளே செப்புத்தகடு வைத்துத் தருவதாக அவர் கூறியும், அம்மம்மா கட்டிய தாளை மாற்ற அவன் இசையவில்லை.