சரயேவோ முதல் வெர்சேல்ஸ் வரை

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

"முதல் உலகப் போருக்குக் காரணம் யாது?" என்ற வினாவைத் தேர்வுத் தாளில் கண்டதும் நம்மில் பலருடைய பேனா தானாகவே எழுதத் தொடங்கிவிடும்: "1914 ஜூன் 28 அன்று சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்சிஸ் பெர்டினாண்டு சுட்டுக் கொல்லப்பட்டார்." விடை தவறன்று, ஆனால் முழுமையானதும் அன்று. ஒரு பெரும்போருக்கு ஒற்றைக் காரணம் கற்பிக்கும் மாணவன் இழப்பது சில மதிப்பெண்களே. வெற்றி பெற்ற நாடுகள் அதே தவற்றைச் செய்தபோது உலகம் இழந்தது என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காக்கையும் பனம்பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நம் ஊர்ப் பழமொழி. பழம் முன்பே பழுத்துக் காம்பு இற்றுப்போயிருந்தது; காக்கை வந்து அமர்ந்தது ஒரு சாக்கு மட்டுமே. சரயேவோவில் சுட்ட காவ்ரிலோ பிரின்சிப்புக்கு வயது 19. ஏறக்குறைய நம் வயதினன். அவனுடைய இரண்டு குண்டுகள் இளவரசரையும் அவர் மனைவி சோபியையும் கொன்றன. ஆனால் அடுத்த 37 நாட்களுக்குள் ஐந்து வல்லரசுகள் போரில் இறங்கியது எப்படி? பழம் எவ்வாறு பழுத்தது என்று பார்த்தாலன்றி இதற்கு விடை கிடைக்காது.

முதலாவது, பழைய பகை. 1870-71 போரில் பிரான்சு தோற்று, அல்சேஸ் பகுதியையும் லொரேனின் ஒரு பகுதியையும் ஜெர்மனியிடம் இழந்தது. அந்தப் புண் ஆறவே இல்லை. இரண்டாவது, கூட்டணிகள். ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி ஆகியவை 1882இல் ஓரணியாயின. 1894இல் பிரான்சும் ரஷ்யாவும் இணைந்தன. 1904இல் பிரான்சுடனும் 1907இல் ரஷ்யாவுடனும் பிரிட்டன் உடன்பாடு கண்டது. மூன்றாவது, படைப் போட்டி. 1906இல் பிரிட்டன் 'டிரெட்நாட்' என்னும் மாபெரும் போர்க்கப்பலைக் கடலில் இறக்கியதும் ஜெர்மனியும் அவ்வகைக் கப்பல்களைக் கட்ட முனைந்தது. நான்காவது, பால்கன் பகுதியின் தேசிய எழுச்சி. 1908இல் ஆஸ்திரியா போஸ்னியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது செர்பியர்களின் நெஞ்சில் நெருப்பை மூட்டியது.

எனவே, 1914 ஜூலை 28 அன்று ஆஸ்திரியா செர்பியா மீது போர் தொடுத்ததும் சங்கிலியின் கண்ணிகள் ஒன்றையொன்று இழுத்தன. ரஷ்யா படை திரட்டியது. ஜெர்மனி ஆகஸ்டு 1இல் ரஷ்யா மீதும், 3இல் பிரான்சு மீதும் போர் அறிவித்தது. பெல்ஜியத்துக்குள் ஜெர்மன் படை நுழையவே, 4ஆம் நாள் பிரிட்டனும் களம் புகுந்தது. ஆஸ்திரியாவுக்குத் தயக்கமின்றித் துணை நின்ற ஜெர்மனியின் பொறுப்பு சிறிதன்று. ஆனால் அது தனிப்பொறுப்பும் அன்று.

நம் கரையிலும் ஒரு பொறி

வல்லரசுகளுக்குக் கடல் கடந்த ஆட்சிப் பகுதிகள் இருந்தமையால், ஐரோப்பாவில் எழுந்த போர் உலகப் போராயிற்று. 1914 செப்டம்பர் 22 இரவு 'எம்டன்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைக் குண்டுகளால் தாக்கியது; துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர்நீதிமன்ற வளாகச் சுவரிலுள்ள கல்வெட்டு இதற்குச் சான்று. கெட்டிக்காரனை 'எம்டன்' என்று நம் பாட்டிமார் அழைத்ததும் அந்த நாளின் நினைவே. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்றனர். அவர்களுள் பல்லாயிரவர் திரும்பவில்லை. போர் வேண்டுமா என்று அவர்களை எவரும் கேட்கவுமில்லை.

வெர்சேல்ஸ் எழுதிய விடை

1919 ஜூன் 28. சரயேவோ கொலை நடந்து சரியாக ஐந்தாண்டுகள் கழித்து, வெர்சேல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் உடன்படிக்கை கையெழுத்தானது. 1871இல் ஜெர்மன் பேரரசு பிறந்ததாக அறிவிக்கப்பட்ட அதே மண்டபம்! உடன்படிக்கையின் 231ஆம் விதி, போரின் இழப்புகள் அனைத்துக்கும் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளுமே பொறுப்பு என்றது. ஜெர்மன் படை ஒரு லட்சம் பேருக்குள் சுருக்கப்பட்டது. 1921இல் இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க் என்று வரையறுக்கப்பட்டது. பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ், இவ்வமைதி ஐரோப்பாவையே சீரழிக்கும் என்று 1919லேயே எச்சரித்தார்.

இழப்பீட்டுத் தவணை தவறியதென்று 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் நிலக்கரிப் பகுதியில் புகுந்தன. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்க்கு ஊதியம் தர ஜெர்மன் அரசு நோட்டுகளை அச்சடித்துத் தள்ளியது. அவ்வாண்டு நவம்பரில் ஒரு டாலரின் விலை 4,20,000 கோடி மார்க்! வாழ்நாள் சேமிப்பு ஒரு ரொட்டித் துண்டுக்கும் காணாமற்போன குடும்பங்களின் மனநிலையை எண்ணிப் பாருங்கள்.

இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு வெர்சேல்ஸ் ஒன்றே காரணம் என்று எழுதினால், நாமும் அதே குழியில் விழுவோம். 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தவை 12 இடங்களே. 1929இன் பொருளாதாரப் பெருமந்தத்துக்குப் பின்னரே அவை 1930இல் 107 ஆகவும், 1932 ஜூலையில் 230 ஆகவும் பெருகின. பழைய அவமானமும் புதிய பசியும் கைகோத்தன. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமரானார். 1939 செப்டம்பர் 1 அன்று போலந்து தாக்கப்பட்டது.

இரண்டாம் பாடம்

1945க்குப் பின் மேற்கு ஐரோப்பா வேறு வழியை நாடியது. போர்க்குற்றம் இழைத்த தலைவர்கள் நூரெம்பெர்க்கில் விசாரிக்கப்பட்டனர்; அதே வேளையில் 1948இல் தொடங்கிய மார்ஷல் திட்டத்தில் மேற்கு ஜெர்மனியும் உதவி பெற்றது. 1923இல் எந்த நிலக்கரிக்காகப் படை புகுந்ததோ, அந்த நிலக்கரியையும் எஃகையும் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் 1951 உடன்படிக்கையின்படி, வேறு நான்கு நாடுகளுடன் சேர்ந்து, பொது அதிகாரத்தின்கீழ் வைத்தன. அதற்குப் பிறகு அவ்விரு நாடுகளிடையே போர் மூளவில்லை.

முடிவுரை

வெர்சேல்ஸ் இழப்பீட்டுக்காக வாங்கிய கடன்களின் கடைசித் தவணையை ஜெர்மனி செலுத்தியது 2010 அக்டோபர் 3 அன்று. ஒரு போரின் கணக்கை முடிக்க 90 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. உயிர்க் கணக்கை முடிக்க எவராலும் இயலாது.

ஆகவே, மாணவ நண்பர்களே, "காரணம் யாது?" என்ற வினா வந்தால் காக்கையை மட்டும் எழுதாதீர்கள், பனம்பழத்தையும் எழுதுங்கள். பழியை ஒருவர் தலையில் சுமத்தி ஏட்டை மூடிவிடுவது எளிது. அந்த எளிய விடைக்கு உலகம் ஒருமுறை கொடுத்த விலையை நாம் மறக்கலாகாது.