கை, கால் மரத்துப் போகிறதா? காரணத்தைத் தேடுவது எப்படி?

"கை மதமதன்னு இருக்கு டாக்டர்." "பாதத்துல எறும்பு ஊறுற மாதிரி இருக்கு." "விரல் நுனியில ஊசி வச்சுக் குத்துற மாதிரி சுருக்கு சுருக்குன்னு..."

பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மருத்துவமனைகளில் புறநோயாளிகள் வரிசையில் நின்று பாருங்கள். இந்த மூன்றில் ஒன்று கட்டாயம் காதில் விழும். இதற்கு வீட்டிலும் தெருவிலும் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, "நரம்புத் தளர்ச்சி, ஒரு ஊசி போட்டா சரியாயிடும்." இன்னொன்று, "எல்லாம் டென்ஷன்தான், கண்டுக்காதே." இரண்டுமே சில சமயம் சரியாக இருக்கலாம். ஆனால் தேடிப் பார்க்காமலே சொல்லும் பதில்கள் என்பதுதான் ஆபத்து.

சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்து, இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். நரம்பு சற்று அழுந்தியது, விடுபட்டது, அவ்வளவுதான். அதற்குப் பயம் வேண்டாம். காரணமே இல்லாமல் வந்து, வாரக்கணக்கில் நீடித்தால்தான் விசாரணை தேவை.

முதல் பாடம்: எங்கே மரக்கிறது?

ஒரு தாளில் கை, கால் படம் வரையுங்கள். மரத்த இடத்தைப் பென்சிலால் தீட்டுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

இரண்டு பாதங்களிலும் விரல் நுனியில் தொடங்கி, மெல்ல மேலே ஏறுகிறதா? முதல் சந்தேகம் சர்க்கரை நோய். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. அதனால் அடி முதலில் அங்கேதான் விழும். நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. தனக்கு இருப்பதே தெரியாதவர்களும் இதில் ஏராளம்.

கட்டை விரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி. இங்கே மட்டும் மரத்து, இரவில் தூக்கத்தைக் கெடுத்து, கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்கப்படுகிறது. நாள் முழுக்கச் சின்ன வெங்காயம் அரிகிறவர்கள், முந்திரி உடைக்கிறவர்கள், தையல்காரர்கள், கர்ப்பிணிகள், தைராய்டு குறைந்தவர்கள் ஆகியோருக்கு இது வரும். சுண்டுவிரல் பக்கம் மட்டும் என்றால், முழங்கையை மேஜையில் ஊன்றும் பழக்கம் உண்டா என்று பாருங்கள்.

களை எடுக்கவும் வெங்காயம் பிடுங்கவும் மணிக்கணக்கில் குத்துக்காலிட்டு உட்கார்ந்த பிறகு, பாதத்தின் மேல்பக்கம் மரத்து, நடக்கும்போது பாதம் தொங்குகிறதா? முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஓடும் நரம்பு நசுங்கியிருக்கலாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதுதான் இதற்குத் தடுப்பு. பாதம் தொங்கத் தொடங்கிவிட்டால் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

தொடையின் வெளிப்பக்கம் மட்டும் எரிகிறதா? பெல்ட்டையும் பாவாடை நாடாவையும் தளர்த்திப் பாருங்கள்.

தோலில் ஒரு இடம் மட்டும் நிறம் வெளிறி அல்லது சிவந்து, தொட்டால் உணர்ச்சியே இல்லையா? தொழுநோயாக இருக்கலாம். பயப்படவோ மறைக்கவோ தேவையில்லை. அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். 6 மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் முழுக்கக் குணமாகும். மறைத்து நாள் கடத்தினால்தான் விரல் மடங்கிப் போகும்.

இரண்டாம் பாடம்: என்ன வேலை, என்ன சாப்பாடு?

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லவேண்டிய விஷயங்கள் இவை.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் துளையிடும் கருவி பிடிக்கிறவர்களுக்கு, அந்த அதிர்வே விரல்களை மரக்கவும் வெளுக்கவும் செய்யும். பருத்திக்கு மருந்து அடிக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். 2017-ல் பெரம்பலூர் பகுதியில் அப்படித் தெளித்தவர்கள் விஷம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்ததும், உயிரிழப்பு நேர்ந்ததும் செய்திகளில் வந்தன. சில வகைப் பூச்சிமருந்துகள் கடுமையாக உடம்பில் ஏறினால், அன்றைக்குப் பிழைத்தவருக்குக்கூட இரண்டு, மூன்று வாரம் கழித்துக் கால் மரத்து, பலம் குறையக்கூடும்.

சாப்பாட்டில் முக்கியம் பி12 வைட்டமின். இது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில் உண்டு; செடிகொடிகளில் கிடையாது. சுத்த சைவமாக இருந்து பாலும் குறைவாகக் குடிப்பவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்கள், தினமும் மது குடிப்பவர்கள் இதைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் பாடம்: மனசுக்குப் பங்கு உண்டா?

உண்டு. அது கற்பனையும் அல்ல, நடிப்பும் அல்ல.

மகன் பரீட்சை, மகள் கல்யாணம், வெங்காயத்துக்கு விலை இல்லை, பேங்க் கடன்... கவலை ஏறும்போது நமக்கே தெரியாமல் மூச்சு வேகமாகும். ரத்தத்தில் இருக்கவேண்டிய கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடும். ரத்தத்தின் காரத்தன்மை கூடும். அதனால் ரத்தத்தில் தனித்து உலவும் கால்சியம் குறையும். உடனே நரம்புகள் கூசத் தொடங்கும். வாயைச் சுற்றியும் இரண்டு கை விரல்களிலும் சுருக்கு சுருக்கென்று குத்தும். சிலருக்கு விரல்கள் இழுத்துப் பிடிக்கும். அதைப் பார்த்துப் பயந்தால் மூச்சு இன்னும் வேகமாகும்; மரப்பும் கூடும்.

டென்ஷன் மரப்புக்குச் சில அடையாளங்கள் உண்டு. பதற்றத்தோடு வரும், சற்று நேரத்தில் போகும், இடம் மாறும், படபடப்பும் கூடவே இருக்கும். அப்போது உட்கார்ந்து, மூக்கு வழியாக 4 எண்ணும்வரை மெல்ல மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். ஐந்து நிமிடம் செய்யுங்கள். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய முறை வேண்டாம். வந்திருப்பது ஆஸ்துமாவோ இதய நோயோ என்றால் அது ஆபத்தாகிவிடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மற்றக் காரணங்களைத் தேடிப் பார்த்து, இல்லை என்ற பிறகுதான் "டென்ஷன்" என்று முடிவுகட்டவேண்டும். அதுவும் வீட்டுப் பெண்கள் சொன்னால், "உனக்கு எப்பப் பார்த்தாலும் ஏதாவது ஒண்ணு" என்று ஒதுக்கிவிடுகிறோம். டென்ஷன் இருக்கிற பெண்ணுக்குச் சர்க்கரையும் இருக்கலாம் அல்லவா?

நரம்பு மாத்திரை வேண்டாமே!

மருந்துக் கடையில் "நரம்புக்கு ஏதாவது கொடுங்க" என்று வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் கவனிக்கவேண்டும். பி6 வைட்டமினை அதிக அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால், அதுவே நரம்பைக் கெடுத்து மரப்பை உண்டாக்கும்! எந்த வைட்டமின் குறைவு என்று தெரிந்த பிறகு சாப்பிடுங்கள்.

எங்கே போவது? என்ன பரிசோதனை?

முதலில் செய்யவேண்டியவை எளிமையானவைதான். சர்க்கரை, மூன்று மாத சராசரி சர்க்கரை, ரத்த அளவு, பி12, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின். பாதத்தில் மெல்லிய நைலான் இழையால் தொட்டு, அதிர்வுக் கவையை வைத்து உணர்ச்சி பார்ப்பதும் உண்டு. இதில் வலி இல்லை. பெரம்பலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நரம்பின் வேகத்தை அளக்கும் பரிசோதனையோ நரம்பியல் நிபுணரோ தேவை என்றால், திருச்சி, தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

போகும்போது நீங்கள் தீட்டிய படம், எப்போது தொடங்கியது என்ற தேதி, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை, இந்த மூன்றையும் எடுத்துப் போங்கள்.

நாளைக்கு என்று தள்ளக்கூடாதவை

* திடீரென்று முகம், கை, கால் ஒரு பக்கமாக மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் பக்கவாதம். உடனே 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன்.

* காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து போன பிறகு, கால் மரத்து, பலவீனம் சில நாட்களில் மேலே மேலே ஏறினால் அன்றைக்கே மருத்துவமனை. மூச்சுத் தசையைப் பிடிக்கும் முன் போகவேண்டும்.

* இடுப்பு வலியோடு, உட்காரும் இடம் மரத்து, சிறுநீர் வராமலோ அடங்காமலோ போனால் அப்போதே கிளம்புங்கள்.

* பாதம் மரத்தவர்களுக்கு முள் குத்தியதே தெரியாது. தினமும் இரவு பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெறுங்காலோடு வயலிலும் வெயிலிலும் நடக்காதீர்கள். இன்று கவனிக்காத சிறு புண்தான் நாளை காலையே எடுக்கச் சொல்லும்.