அஸ்திவாரம் இல்லாத வீட்டுக்கு அனுமதி வேண்டுமா?

கேள்வி: நத்தம் பக்கம் 1 ஏக்கர் 40 சென்ட் புன்செய் வாங்கி, பத்திரம் முடிந்துவிட்டது. மொத்த சர்வே எண்ணில் என் பங்கு ஒரு பகுதிதான். பட்டா இன்னும் பழையவர் பெயரிலேயே இருக்கிறது. சனி, ஞாயிறு குடும்பத்தோடு தங்குவதற்காக 20 அடி கன்டெய்னர் வீடு ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். "ஹாலோ பிளாக் மேல் உட்கார வைத்தால் போதும். அஸ்திவாரம் கிடையாது, நாளைக்கே தூக்கிக்கொண்டு போகலாம், யார் அனுமதியும் வேண்டாம்" என்கிறார் செய்து தருபவர். கரண்டுக்குக் கிணற்று மோட்டார் சர்வீஸ் இருக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் மட்டும் தன் நிலத்துப் பாதையில் லாரி வரக்கூடாது என்று மறிக்கிறார். என்ன செய்யலாம்?

- வாசகர், திண்டுக்கல்

பதில்: விற்கிறவர் அப்படித்தான் சொல்வார். நோட்டீஸ் வந்தால் அது உங்கள் பெயருக்குத்தான் வரும்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 'கட்டடம்' என்பதற்குத் தரும் விளக்கத்தைப் பாருங்கள். செங்கல், மண், மரம், உலோகம் என எதனால் ஆனதும் அதில் அடங்கும். சக்கரத்தின் மேல் நிற்பதும், அஸ்திவாரமின்றித் தரையில் வெறுமனே உட்கார்ந்திருப்பதும் அடங்கும். ஆள் குடியிருந்தால் வேனும் கூடாரமும்கூடத் தப்பாது. ஐம்பது வருஷத்துக்கு முன்பே உங்கள் ஃபேப்ரிகேட்டரைச் சந்தித்துவிட்டு வந்து எழுதியதுபோல் இருக்கிறது! ஆகவே "நாளைக்கே தூக்கிவிடலாம்" என்ற வாதம் எடுபடாது.

அடுத்தது நிலத்தின் உபயோகம். உங்கள் கிராமம் மாஸ்டர் பிளானுக்குள் வராவிட்டால், அதே சட்டத்தின் 47-ஏ பிரிவுப்படி விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற, நகர் ஊரமைப்பு இயக்குநரின் இசைவோடு உள்ளாட்சியின் முன் அனுமதி வேண்டும். இதற்கான விதிகள் 2017-இல் வந்தன. நஞ்சையாக இருந்திருந்தால் கலெக்டர் ஆபீஸ் வரை அலைய வேண்டியிருக்கும். புன்செய் என்பதால் பாதித் தலைவலி குறைவு. மாஸ்டர் பிளானுக்குள் வந்தால், விவசாய மண்டலத்தில் பண்ணை வீட்டுக்கு விதிகளே கட்டுப்பாடுகளோடு இடம் தருகின்றன. மாவட்ட டி.டி.சி.பி. அலுவலகத்தில் சர்வே எண்ணைக் காட்டி, இதில் எது பொருந்தும் என்று முதலில் கேளுங்கள். அனுமதியில்லாமல் வைத்தால் 56-ஆம் பிரிவின்கீழ் அகற்றச் சொல்லி உத்தரவு வரலாம். ஊராட்சியில் வீட்டு வரி கட்டிய ரசீது அனுமதி ஆகாது. "தளவாட அறை" என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஏ.சி.யும் அட்டாச்டு பாத்ரூமும் வைத்து மண்வெட்டியைப் பாதுகாக்கிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

என் கணிப்பில் உங்களுக்குப் பெரிய சிக்கல் பாதைதான். கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தைப் பிரித்துப் படியுங்கள். "வண்டிப்பாதை பாத்தியம்" என்று அகலத்தோடு எழுதியிருக்கிறதா, இல்லை "மாமூல் நடைபாதை" என்று போய்விட்டார்களா? நடைபாதை என்றிருந்தால் டிராக்டருக்கே தகராறு வரும். எஃப்.எம்.பி. வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் எடுத்து, அது பாதைப் புறம்போக்கா என்றும் பாருங்கள். புறம்போக்கு என்றால் பக்கத்துக்காரர் மறிக்க முடியாது. பட்டா நிலம் என்றால், 1882-ஆம் வருட இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, 20 வருஷம் தடையின்றி உரிமையாகப் பயன்படுத்திய பாதைக்கு உரிமை கோரலாம். ஆனால் மாட்டு வண்டி போய்வந்த பழக்கத்தைக் காட்டி டிரெய்லருக்கு உரிமை கேட்டால் கோர்ட் சுலபமாக ஒப்புக்கொள்ளாது. 20 அடிப் பெட்டி 8 அடி அகலம். வெறும் பெட்டியே இரண்டு டன்னுக்கு மேல். அதை இறக்க கிரேனும் உள்ளே வந்தாக வேண்டும். 10 அடி அகலத்தில் செய்யச் சொல்லியிருந்தால் சாலையிலேயே தகராறு. வாகன அகலத்துக்கு மோட்டார் வாகன விதிகள் வைத்திருக்கும் பொது வரம்பு 2.6 மீட்டர். ஒரு நாள் வந்துபோக மட்டும் அனுமதி, வரப்போ குழாயோ சேதமானால் சரிசெய்து தருவதாக உறுதி என்று எழுதிக் கேட்டுப் பாருங்கள். கேஸ் போட்டு ஜெயிப்பதைவிட இது சீக்கிரம் முடியும், செலவும் குறைவு.

கிணற்று மோட்டார் சர்வீஸிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுக்கவே இழுக்காதீர்கள். விவசாய இலவச மின்சாரத்தை வேறு வேலைக்கு எடுப்பது 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் மாட்டும். பொருந்தும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் சோதனைக்கு முந்தைய 12 மாதத்துக்கும் கணக்கிடலாம். உங்கள் பெயரில் தனி வீட்டு இணைப்பு வாங்குங்கள். அதற்கும், மேலே சொன்ன விண்ணப்பங்களுக்கும் பட்டா உங்கள் பெயரில் இருப்பது நல்லது. உட்பிரிவு செய்ய வேண்டியிருப்பதால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அதற்கு இன்றைக்கே மனுப் போடுங்கள்.

ஃபேப்ரிகேட்டரிடம், அனுமதி கிடைத்து நீங்கள் எழுத்தில் தெரிவித்த பிறகே டெலிவரி, மீதிப் பணமும் அப்போதுதான் என்று ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.