காலையில் ஏற்றி மாலையில் இறக்கும் உணவு

நோயாளர் ஒருவர் உள்ள வீட்டில் மாலைப் பொழுது மிகவும் நெருக்கடியானது. பணியிடத்திலிருந்து திரும்புவதும், மருந்து கொடுப்பதும், புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைக் கவனிப்பதும் ஏறத்தாழ ஒரே வேளையில் வந்து சேர்கின்றன. இவற்றுக்கிடையே ஒரு மணி நேரம் அடுப்பருகே நிற்பது பலருக்கு இயலாத செயல். ஆகவே நோயாளருக்குக் கஞ்சி, பிள்ளைகளுக்குக் கடைப் பரோட்டா, பராமரிப்பவருக்கு ஒரு குவளை காப்பியும் இரண்டு பிஸ்கட்டும் என்று இரவு உணவு முடிந்துவிடுகிறது. எங்கள் உணவியல் பிரிவிற்கு வருவோரிடம் "நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கும்போது, நோயாளர் உண்டதை அளவோடு கூறுபவர், தாம் உண்டது என்னவென்று சொல்ல இயலாமல் தயங்குவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்.

இந்த நெருக்கடியைத் தணிக்கும் வழிகளுள் ஒன்றே ஸ்லோ குக்கர் எனப்படும் மின்கலத்தில் மெதுவாகச் சமைப்பது. காலையில் 20 நிமிட வேலை. மாலையில் 10 நிமிட வேலை. ஒரே கலத்தில் வெந்த உணவு நோயாளருக்கும் பராமரிப்பவருக்கும் பிள்ளைகளுக்கும் உதவும். ஆயினும் மெதுவான சூட்டிற்கெனச் சில விதிகள் உள்ளன. அவற்றை அறியாமல் சமைத்தால், உடல்நலத்திற்காகச் செய்த உணவே நோய்க்குக் காரணமாகிவிடக்கூடும். அவ்விதிகளையும், மூன்று எளிய உணவுகளையும் இவ்விதழில் பார்ப்போம்.

மெதுவான சூடு எவ்வாறு செயல்படுகிறது?

தணலின் மேல் மண்சட்டியை வைத்து, மூடியிட்டு, நெடுநேரம் வேகவிடும் வழக்கம் நம் வீடுகளுக்குப் புதிதன்று. கல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர் இந்துமாதவ் மல்லிக், 1910ஆம் ஆண்டளவில் அடுக்குப் பாத்திரங்களையும் அடியில் சிறு கரியடுப்பையும் கொண்ட 'இக்மிக் குக்கர்' என்னும் கருவியை உருவாக்கினார். மின்சாரத்தால் இயங்கும் கலத்திற்கு அமெரிக்காவின் இர்விங் நாக்ஸன் 1940இல் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் ஓய்வுநாளுக்கென இரவு முழுவதும் ரொட்டிச் சூளையில் வைத்து வேகவிடப்பட்ட யூதர்களின் பயற்றுணவைப் பற்றித் தம் தாய் கூறக் கேட்டதே அவருக்குத் தூண்டுதலாக அமைந்தது. நாடுகள் வேறாயினும் வீட்டார் தேவை ஒன்றே: அருகில் நிற்காமல் உணவு வேக வேண்டும்.

இக்கலத்தின் உள்ளே கனத்த பீங்கான் பாத்திரமும், அதைச் சுற்றி மின்சூடேற்றியும் இருக்கும். 'லோ' என்னும் நிலையிலும் 'ஹை' என்னும் நிலையிலும் உணவு இறுதியில் கொதிநிலைக்குச் சற்றே குறைந்த சூட்டை அடைகிறது. அந்தச் சூட்டை எட்டுவதற்கு ஆகும் நேரமே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு. 'ஹை' நிலையில் 3 முதல் 4 மணி நேரத்தில் வேகும் குழம்பு, 'லோ' நிலையில் 7 முதல் 8 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். 'வார்ம்' என்பது வெந்த உணவைச் சூடாக வைத்திருக்க மட்டுமே. அந்நிலையில் எதையும் சமைத்தல் கூடாது.

பாதுகாப்பிற்கான ஆறு விதிகள்

உணவில் நோய்க்கிருமிகள் விரைந்து பெருகுவது ஏறத்தாழ 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தில். கீழ்க்காணும் விதிகளுள் பெரும்பாலானவை, உணவு இந்த இடைவெளியில் நெடுநேரம் தங்காமலிருக்க வகுக்கப்பட்டவை. புற்றுநோய்க்கான மருந்தேற்றம் பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், முதியோர், கருவுற்ற பெண்கள் ஆகியோர் உள்ள வீடுகளில் இவற்றில் ஒன்றையும் தளர்த்தலாகாது.

1. உறைந்த இறைச்சியை அப்படியே கலத்தில் இடாதீர்கள். முதல் நாள் இரவே உறைபெட்டியிலிருந்து எடுத்து, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். பச்சை இறைச்சியை நறுக்கிய பலகையையும் கத்தியையும் சோப்பிட்டுக் கழுவாமல் காய்கறிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

2. கலத்தில் ஊற்றும் நீர் கொதிநீராக இருக்கட்டும். கலம் பாதிக்குக் குறையாமலும் முக்காலுக்கு மிகாமலும் நிரம்பியிருக்க வேண்டும். கிழங்கும் கேரட்டும் வேகத் தாமதமாகும் என்பதால் அவற்றை அடியிலும், இறைச்சியை அதன் மேலும் அடுக்குங்கள்.

3. இடையில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை திறந்தால் இழந்த சூட்டை மீட்க ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும்.

4. மின்வெட்டைக் கவனியுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது மின்சாரம் தடைப்பட்டால், உணவை உடனே வேறு பாத்திரத்திற்கு மாற்றி எரிவாயு அடுப்பில் சமைத்து முடியுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் தடைப்பட்டு, எவ்வளவு நேரம் என்று தெரியவில்லையெனில், உணவு வெந்ததுபோல் தோன்றினாலும் கொட்டிவிடுங்கள். ஒரு வேளைக் குழம்பு வீணாவது மனத்திற்கு வருத்தம்தான். எதிர்ப்பாற்றல் குறைந்த ஒருவரை மீண்டும் படுக்கையில் சேர்ப்பது அதனினும் பெரிய இழப்பு. மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாளில் இம்முறையை நாடவே வேண்டாம்.

5. மிஞ்சியதைக் கலத்தோடு குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள். கனத்த பீங்கான் ஆறுவதற்கு நெடுநேரமாகும். ஆழமற்ற சிறு பாத்திரங்களில் பகிர்ந்து, 2 மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அறையின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நம் கோடை நாட்களில் இந்த அவகாசம் ஒரு மணி நேரமே. மறுநாள் உண்ணுமுன் அடுப்பில் நன்கு கொதிக்க வையுங்கள். ஆறிய உணவைச் சூடேற்ற ஸ்லோ குக்கரைப் பயன்படுத்தாதீர்கள்.

6. ராஜ்மாவைப் பச்சையாக இக்கலத்தில் ஒருபோதும் இடாதீர்கள். அப்பயற்றில் இயல்பாக உள்ள ஒரு நச்சுப்புரதம் முழுமையான கொதிப்பில்தான் அழியும். கொதிநிலை எட்டாத சூட்டில் அது அழிவதில்லை. சரியாக வேகாத நான்கைந்து பயறுகளே சில மணி நேரத்தில் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கப் போதுமானவை. ராஜ்மாவை 5 மணி நேரத்திற்குக் குறையாமல் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புதுநீரில் 30 நிமிடங்கள் தளதளவெனக் கொதிக்க வைத்த பின்னரே கலத்தில் சேர்க்கலாம். இதற்கு நேரமில்லாதோர் ராஜ்மாவைப் பிரஷர் குக்கரிலேயே சமைப்பது நன்று.

மூன்று எளிய உணவுகள்

கீழ்க்கண்ட அளவுகள் நால்வருக்கானவை. 1 கப் என்பது 200 மில்லி லிட்டர். மெதுவாக வேகும்போது நீர் அதிகம் ஆவியாவதில்லை. எனவே வழக்கமாக ஊற்றுவதைவிடக் குறைவாகவே நீர் ஊற்றுங்கள். புளி, தக்காளி ஆகியவற்றின் புளிப்பு பருப்பையும் பயற்றையும் வேகவிடாது. ஆதலால் அவற்றைப் பருப்பு வெந்த பிறகே சேர்க்க வேண்டும். தேங்காய்ப்பால், கீரை, தாளிப்பு ஆகியவையும் இறுதியில் சேர்க்க வேண்டியவையே.

சுரைக்காய்ப் பாசிப்பருப்புக் கூட்டு: பாசிப்பருப்பு 1 கப், தோல் சீவி நறுக்கிய சுரைக்காய் 3 கப், கேரட் ஒன்று, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, தட்டிய இஞ்சி சிறிது, கொதிநீர் 3 கப். 'லோ' நிலையில் 6 முதல் 7 மணி நேரம். மாலையில் மத்தால் இலேசாக மசித்து, சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துச் சேருங்கள். மெல்ல இயலாதோர்க்கும், பல் சிகிச்சை முடித்தோர்க்கும் ஏற்றது.

கோழிச் சாற்றுக் குழம்பு: தோல் நீக்கிய கோழித் துண்டுகள் 750 கிராம், நறுக்கிய சின்ன வெங்காயம் 1 கப், பூண்டு 8 பல், இஞ்சி விழுது 1 தேக்கரண்டி, உருளைக்கிழங்கு இரண்டு, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, மல்லித்தூள் 2 தேக்கரண்டி, தக்காளி இரண்டு, கொதிநீர் 2 கப். பருப்பு இல்லாததால் இதில் தக்காளியைத் தொடக்கத்திலேயே இடலாம். 'லோ' நிலையில் 6 முதல் 7 மணி நேரம். உணவு வெப்பமானி இருப்பின், தடித்த துண்டின் நடுவே 74 டிகிரி காட்ட வேண்டும். இல்லையெனில் எலும்பருகே செந்நிறம் சிறிதும் இருத்தல் கூடாது. ஐயம் எழுந்தால் அடுப்பிற்கு மாற்றி மேலும் 10 நிமிடங்கள் கொதிக்க விடுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் புரதம் மிகுதியாகத் தேவைப்படுவோர்க்கு இது உதவும்.

கொண்டைக்கடலைக் குழம்பு: இரவு முழுவதும் ஊறிய கொண்டைக்கடலை 3 கப். ஊறிய நீரைக் கொட்டி, புதுநீரில் 10 நிமிடங்கள் கொதிக்க வைத்து வடியுங்கள். அதனுடன் வெங்காயம் இரண்டு, பூண்டு 6 பல், மல்லித்தூள் 2 தேக்கரண்டி, சீரகத்தூள் 1 தேக்கரண்டி, கொதிநீர் 3 கப் சேர்த்து, 'லோ' நிலையில் 8 மணி நேரம் வைக்கலாம். மாலையில் தக்காளியையும் சிறிது புளிக்கரைசலையும் வாணலியில் வதக்கிக் கொதிக்க வைத்து, வெந்த கடலையோடு கலந்து 10 நிமிடங்கள் கழித்து இறக்குங்கள்.

சோற்றை இக்கலத்தில் வைக்க வேண்டாம். நெடுநேரத்தில் குழைந்து பசையாகிவிடும். மாலையில் வீடு திரும்பியதும் உலை வைத்தால், நீங்கள் முகம் கழுவி மருந்துகளை எடுத்து வைப்பதற்குள் சோறு தயாராகிவிடும்.

ஒரே கலம், இறுதியில் பங்கீடு

மேற்கூறிய மூன்று குறிப்புகளிலும் உப்பு இடம்பெறாததை வாசகர்கள் கவனித்திருக்கலாம். அது மறதியன்று. உப்பின்றி வேகவிட்டு, நோயாளரின் பங்கை முதலில் தனியே எடுத்து, அவருக்கு மருத்துவர் வரையறுத்த அளவு உப்பைச் சேருங்கள். மீதியில் மற்றவர்க்கு வேண்டிய உப்பையும் காரத்தையும் கலந்துகொள்ளலாம். நோயாளருக்கெனத் தனிச் சமையல் என்னும் சுமை இதனால் நீங்குகிறது. எல்லோரும் உண்பதையே தாமும் உண்கிறோம் என்னும் நிறைவும் நோயாளருக்குக் கிட்டுகிறது. நலமுள்ள பெரியவர்க்கும் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. அஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ஊறுகாயும் அப்பளமும் அதில் அடக்கம்.

சிறுநீரக நோயாளர்: இம்முறையில் நீர் வடிக்கப்படுவதில்லை. ஆதலால் காய்களிலிருந்து இறங்கும் பொட்டாசியம் முழுவதும் குழம்பிலேயே தங்கிவிடும். பொட்டாசியத்தைக் குறைக்குமாறு கூறப்பட்டோர், காய்களையும் கிழங்குகளையும் சிறிதாக நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்த பின்னரே கலத்தில் சேர்க்க வேண்டும். பருப்பின் அளவையும் உணவியல் வல்லுநரிடம் கேட்டறியுங்கள். சோடியம் குறைந்த உப்பு என விற்கப்படுவனவற்றில் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். அவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். இந்துப்பும் சோடியம் நிறைந்த உப்பே என்பதை எல்லோரும் நினைவிற்கொள்ளுங்கள்.

நீரிழிவு நோயாளர்: கூட்டும் குழம்பும் தட்டில் பாதிக்கு மேல் இருக்க, சோறு கால் பங்கிற்குள் அடங்கட்டும். நன்கு குழைந்த கஞ்சி இரத்தச் சர்க்கரையை விரைவாக உயர்த்தும்.

மருந்தேற்றம் பெறுவோர்: மணிக்கணக்கில் எழும் சமையல் மணம் அவர்களுக்குக் குமட்டலை உண்டாக்கலாம். கலத்தை அவர்கள் படுக்கும் அறைக்கு எட்டாத இடத்தில், சன்னலருகே வையுங்கள். பரிமாறும்போது ஆவி பறக்கும் சூட்டைவிட மிதமான சூடே அவர்களுக்கு ஏற்றது.

விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ளோர்: மென்மையாக வெந்துவிட்டது என்பதனால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். எந்தப் பதத்தில் மசிக்க வேண்டும், எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதைச் சிகிச்சையாளர் கூறியவாறே செய்யுங்கள்.

வாங்குமுன் ஒரு சொல்

இதற்கெனப் புதிய கருவி வாங்கியே தீரவேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. மருத்துவச் செலவு மிகுந்துள்ள வீட்டில் அது தேவையற்ற சுமையாகலாம். இதே கூட்டையும் குழம்பையும் முதல் நாள் இரவு பிரஷர் குக்கரில் சமைத்து, ஐந்தாம் விதியில் கூறியவாறு ஆற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் மாலை கொதிக்கவைத்தும் உண்ணலாம். கருவி வாங்குவோர், குறித்த நேரம் முடிந்ததும் தானே 'வார்ம்' நிலைக்கு மாறும் வகையைத் தேர்ந்தெடுத்தால், வீடு திரும்பத் தாமதமாகும் நாட்களில் கவலையின்றி இருக்கலாம்.

இந்த வாரத்தில் ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். இயன்றால் வீட்டிலிருக்கும் விடுமுறை நாளாக இருக்கட்டும். மூன்று உணவுகளில் எளிதான கூட்டைச் செய்து பாருங்கள். மாலையில் நோயாளருக்குப் பரிமாறும்போது மற்றொரு தட்டையும் எடுத்து வைத்து, அவருடன் அமர்ந்து நீங்களும் உண்ணுங்கள். அடுத்த முறை எங்கள் பிரிவிற்கு வரும்போது, நோயாளர் உண்டதோடு நீங்கள் உண்டதையும் கேட்போம்.