மூளையின் காவலர்

நகரைக் காத்தற்கு அமர்த்திய காவலரே நகர்க்குத் தீங்கு இழைப்பின், மாந்தர் யாரிடம் சென்று முறையிடுவர்? நம் மூளையினுள்ளும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு.

1901ஆம் ஆண்டில், செருமனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகர மனநோய் மருத்துவமனைக்கு 51 வயதுடைய அகுஸ்தே என்னும் அம்மையார் கொணரப்பட்டார். தம் பெயரை எழுதப் புகுந்து, எழுத இயலாது அவர் தவித்தார். அலோயிஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் அவர் நிலையைக் கருத்துடன் ஆராய்ந்தார். 1906ஆம் ஆண்டில் அம்மையார் இறந்தபின், அவர்தம் மூளையை நுண்பெருக்கியால் நோக்கினார். நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும், உள்ளே முறுக்குண்ட இழைகளும் காணப்பட்டன. அந்நோய் அல்சைமர் நோய் என வழங்கலாயிற்று. படிவுகள் அமிலாய்டு என்னும் புரதத்தாலும், இழைகள் டௌ என்னும் புரதத்தாலும் ஆயவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

மூளையில் மைக்ரோகிளியா என்னும் சிற்றணுக்கள் உள. 1919ஆம் ஆண்டில் இசுபானிய அறிஞர் பீயோ தெல் ரீயோ ஒர்த்தேகா இவற்றைப் பிரித்தறிந்து பெயரிட்டார். இவையே மூளையின் காவலர். இவை மெல்லிய கிளைகளை நீட்டிச் சுற்றுப்புறத்தை இடையறாது துழாவும். கழிவுகளை விழுங்கித் தூய்மை செய்யும். அமிலாய்டுப் படிவைக் காணின் அதனைச் சூழ்ந்து நிற்கும். சைட்டோகைன் என்னும் புரதங்களைத் தூதாக விடுத்து ஏனைய அணுக்களை விழிப்புறச் செய்யும். இதனால் அழற்சி உண்டாகும்.

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்கும். முள்ளைக் களைந்தபின் வீக்கம் தணியும். மூளையிலோ படிவு நீங்காமையின் அழற்சியும் ஓய்வதில்லை. ஓயாது வெளிப்படும் சைட்டோகைன்கள் நரம்பணுக்களின் இணைப்புகளுக்கும் கேடு செய்யும். இணைப்புகள் அழிய, நினைவும் அழியும்.

அங்ஙனமாயின், இக்காவலரை முற்றும் அடக்கிவிடலாமோ? ஆகாது. மைக்ரோகிளியாவின் மேற்புறத்தே டிரெம்-2 என்னும் ஏற்பி உளது. படிவை உணர்ந்து செயற்படத் தூண்டுவது இது. இதனை ஆக்கும் மரபணுவில் அரிய மாறுதல் ஒன்று உடையார்க்கு இந்நோய் வருதற்குரிய வாய்ப்பு மிகுதி என்பதை 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அழற்சியைத் தணிக்கும் பொது மருந்துகளை அளித்துச் சோதித்தும் நோய் தடைப்படவில்லை. காவலர் சோர்ந்தாலும் கேடு. அளவிறந்து வெகுண்டாலும் கேடு. உற்ற வேளையில் ஊக்கவும் உற்ற வேளையில் அடக்கவும் வழி காண்பதே அறிஞர்தம் முயற்சி.

மாணவர்களே! கேட்ட வினாவையே மீண்டும் மீண்டும் கேட்கும் முதியோர் நம் இல்லங்களிலும் இருத்தல் கூடும். அவர்தம் மறதி குற்றமன்று. நோயின் விளைவாகவும் இருக்கலாம். வெகுளாது, முதன்முறை கூறுவது போன்றே இன்சொல்லால் விடை கூறுவீராக.