செவியும் விரலும்

மாலை ஆறு மணிக்குமேல் தாம்பரம் புகைவண்டி நிலையத்தின் நடைமேம்பாலத்தில் சற்றே ஒதுங்கி நின்றால், ஊரே நம்மைக் கடந்து செல்வது போலத் தோன்றும். கடற்கரை நிலையத்திலிருந்து வந்த மின்தொடர்வண்டி மக்களை இறக்கிவிட, அலுவலகத்தார், பூ விற்போர், கல்லூரி மாணவர் எனப் பலரும் மேற்கும் கிழக்குமாகப் பிரிந்து விரைவர். அக்கூட்டத்தினிடையே, முதுகில் கரிய உறையிட்ட நீண்ட கருவியொன்றைச் சுமந்து செல்லும் பிள்ளைகள் சிலரையும் இக்காலத்தில் காண்கிறோம். அக்கருவியே கிட்டார்.

கிட்டார் இப்பகுதிக்குப் புதியதன்று. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தாரின் இல்லங்களில் அது நெடுநாளாகவே ஒலித்து வந்தது. இன்றோ சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் என எத்தெருவில் நடந்தாலும் ஏதேனும் ஒரு மாடியிலிருந்து அதன் ஒலி கேட்கிறது. ஆயினும் கிட்டாரை வாங்குவோர் பலர். ஓராண்டு கழிந்த பின்னும் அதனைக் கையில் எடுப்போர் சிலரே. ஏனையோருடைய கருவிகள் அலமாரியின் உச்சியில் தூசி படிந்து உறங்குகின்றன. என் வீட்டிலும் முப்பது ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு ஒன்று உறங்கிற்று. அதனைப் பின்னர் எழுப்பினேன் என்பது வேறு கதை. ஆனால், அன்று அதை ஏன் கைவிட்டேன் என்பது எனக்கே விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

சென்ற ஆண்டு எங்கள் தெருவைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு மாலை என்னிடம் வந்தான். அவன் தந்தையார் ஒரு கடையில் கணக்கெழுதுபவர். தீபாவளிக்குக் கிடைத்த மிகையூதியத்தைச் செலவிட்டு மகனுக்குக் கிட்டார் வாங்கிக் கொடுத்திருந்தார். நான்கு மாதம் கழிந்திருந்தது.

“ஐயா, இதை யாருக்கேனும் விற்றுவிட முடியுமா?” என்று அவன் தயங்கியவாறே வினவினான்.

“ஏன் தம்பி, பிடிக்கவில்லையா?”

“பிடிக்கிறது. எனக்குத்தான் வரவில்லை. தொடங்கியபோது நன்றாக இருந்தது. இப்போது நாள்தோறும் மோசமாகிறது. அப்பாவின் பணம் வீணாகிவிட்டதே என்று அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.”

அவன் கூறியவற்றுள் ஒரு சொற்றொடர் என் சிந்தையைத் தைத்தது. ‘நாள்தோறும் மோசமாகிறது’ என்றான் அல்லவா? முப்பது ஆண்டுகளுக்கு முன் நானும் அதையேதான் எண்ணினேன். நாள்தோறும் பழகுபவன் நாள்தோறும் தாழ்வது எங்ஙனம்? இதற்கு விடை காண்பதற்கு முன், அவன் கருவியை வாங்கிப் பார்த்தேன்.

கிட்டாரின் அமைப்பை இங்கே சிறிது அறிந்துகொள்வது நலம். அதற்கு ஆறு தந்திகள் உண்டு. வீணையில் உள்ளவை போலவே அதன் கழுத்தில் மெட்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. வீணையின் மெட்டுகள் மெழுகின்மீது உயர்ந்து நிற்கும்; கிட்டாரின் மெட்டுகள் மரத்தோடு ஒட்டித் தாழ்ந்து கிடக்கும். தந்தியை ஒரு மெட்டினருகில் அழுத்தினால் அதன் ஒலிக்கும் நீளம் குறைந்து சுரம் உயர்கிறது. ஒவ்வொரு மெட்டும் எஞ்சிய நீளத்தில் ஏறத்தாழப் பதினெட்டில் ஒரு பங்கைக் குறைக்குமாறு அமைந்தது. தந்தியின் நீளம் 65 சென்டிமீட்டர் ஆயின், முதல் மெட்டு தலைப்பக்கத்திலிருந்து சற்றேறக்குறைய மூன்றரைச் சென்டிமீட்டர் தொலைவில் நிற்கும். அடுத்தடுத்த இடைவெளிகள் சிறுகச் சிறுகக் குறுகிப் பன்னிரண்டாம் மெட்டு சரியாக நடுவில் வந்து நிற்கும். அவ்விடத்தே பிறப்பது மேல் சட்சம்.

இக்கணக்கு நம் மாணவனுடைய துன்பத்திற்கு நேரான தொடர்புடையது. கிட்டார் பயில்வோர் எல்லாரும் அஞ்சும் சுரக்கூட்டு ஒன்று உண்டு. அதனை எஃப் என்பர். முதல் மெட்டினருகே சுட்டுவிரல் ஒன்றே ஆறு தந்திகளையும் குறுக்காக அழுத்த, மற்ற மூன்று விரல்களும் தத்தம் இடங்களில் நிற்றல் வேண்டும். மெட்டுகளின் இடைவெளி மிகவும் அகன்றிருப்பது அங்கேதான். தந்தியைத் தாங்கும் தலைப்பக்கத்துத் தாங்கியும் அருகிலேயே இருப்பதால், தந்தி அங்கே எளிதில் வளைந்து கொடுப்பதில்லை. எனவே, அச்சுரக்கூட்டு அரிதாவது விரலுடையவனின் குற்றமன்று, கருவியின் இயல்பு. அவனுடைய கருவியிலோ தாங்கி மிக உயரமாகவும் இருந்தது. விலை குறைந்த கருவிகள் பலவற்றில் இக்குறை காணப்படும். பழுது பார்ப்பவர் ஒருவரிடம் அனுப்பி அதனைச் சிறிது தேய்க்கச் செய்தோம். அரைமணி நேர வேலை. அதன் பின் தந்தி விரலுக்குப் பணிந்தது. தன்னிடம் திறமையில்லை என்று அவன் நான்கு மாதம் வருந்தியதில் ஒரு பாதி அத்தாங்கியினால் வந்த வருத்தமே!

மற்றொரு சிறு வழியும் கூறினேன். எஃப் சுரக்கூட்டின் விரல் அமைப்பை அப்படியே ஐந்தாம் மெட்டிற்கு நகர்த்திப் பழகுமாறு சொன்னேன். அங்கே அது எளிது. பிறக்கும் சுரக்கூட்டு மட்டுமே வேறு. அங்கே தெளிவாக ஒலித்த பின் நான்காம் மெட்டிற்கு இறங்கலாம்; பின்னர் மூன்று, இரண்டு, ஒன்று எனப் படிப்படியாக வரலாம். ஏறும் படிகளை நாம் அறிவோம். இறங்கிச் சென்று உயர்வதற்கும் ஒரு படிவரிசை உண்டு என்பது அவனுக்கு வேடிக்கையாக இருந்தது.

விரல் நோவைப் பற்றியும் அவன் கூறினான். எஃகுத் தந்தி முதற் சில வாரங்கள் இடக்கை விரல்நுனிகளை வருத்தவே செய்யும். உழவர் கை மண்வெட்டியால் காய்ப்பது போல, விரல்நுனியும் மெல்ல மெல்லக் காய்த்துவிடும். ஆனால், சில வாரம் கருவியைத் தொடாதிருந்தால் காய்ப்பு மறையத் தொடங்கும். மீண்டும் முதலிலிருந்து நோவு. விட்டுவிட்டுப் பழகுவோரே மிகுதியாக நோவு அடைவர். விரல்நுனி நோவது வேறு, மணிக்கட்டிலோ மூட்டிலோ வலி எழுவது வேறு என்பதையும் மறத்தல் கூடாது. பின்னது தோன்றுமாயின் உடனே நிறுத்தி ஓய்வு கொள்ளல் வேண்டும்.

இனி அவனுடைய பெரிய ஐயத்திற்கு வருவோம். இசை பயில்பவனிடம் இருவர் வளர்கின்றனர்: ஒருவர் செவி, மற்றொருவர் விரல். விரல் மெல்ல நடப்பது. தசையும் நரம்பும் ஓர் அசைவைத் தம்முடையதாக்கிக்கொள்ளப் பன்முறை செய்தல் வேண்டும். செவியோ விரைந்தோடும். தொடங்கிய நாளில், தந்தி எவ்வாறு ஒலித்தாலும் அது நமக்கு இனிமையாகவே தோன்றும். நான்கு மாதம் கேட்டுப் பழகிய பின், முன்பு உணராத பிசிறும் தாளப்பிழையும் ஊமைத் தந்தியும் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். விரலும் முன்னேறியிருக்கிறது, ஆனால், செவி அதனை முந்திச் சென்று, திரும்பி நின்று குறை காண்கிறது. அப்போது நாம் கீழே போவதாக மயங்குகிறோம். கிட்டாரை அலமாரியின்மேல் ஏற்றுவோர் பெரும்பாலும் இந்த மாதங்களிலேயே ஏற்றுகின்றனர் என்பது நான் கண்டது. செவி கூர்மை பெற்ற வேளையில் கருவியைக் கைவிடுவது எத்துணை இழப்பு!

“பெரிய கலைஞர்கள் பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவர்கள்தாமே ஐயா?” என்றான்.

பிறவித் திறன் என ஒன்று இல்லை என்று சாதிக்க நான் முயலவில்லை. 1969ஆம் ஆண்டு ஆந்திர நாட்டுப் பாலக்கொல்லில் பிறந்த மாண்டலின் சீனிவாசனின் வரலாற்றை அவனுக்குச் சொன்னேன். இளமையிலேயே மேடையேறிய அவரை மேதை என்று கூறுவதில் தவறில்லை. ஆயினும் அவர் கற்ற முறையைக் கவனித்தல் வேண்டும். அவருடைய ஆசிரியர் ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசிப்பவர் அல்லர். ஆசிரியர் வாயால் பாடுவார். சிறுவன் அதனைக் கேட்டு, அவ்வோசையைத் தன் தந்தியில் தேடுவான். விரலை எங்கே வைப்பது என்று காட்டுவார் இலர். செவி முன்னே செல்ல, விரல் பின்னே தேடிச் சென்றது. கருநாடக இசைக்கு ஒவ்வாதெனக் கருதப்பட்ட சிறு கருவியொன்றில், அத்தேடலால் கமகம் பிறந்தது. அவர் 2014ஆம் ஆண்டு சென்னையில் நாற்பத்தைந்தாம் வயதில் மறைந்தார்.

நமக்கு அண்மையிலும் ஒரு சான்று உண்டு. கிண்டியை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கப்பற் பொறியியல் பயின்றவர், இராணிப்பேட்டையில் 1970ஆம் ஆண்டு பிறந்த பிரசன்னா. அவர் கருநாடக இசையைக் கிட்டாரில் வாசிப்பவர். பின்னர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெர்க்லி இசைக் கல்லூரியிலும் பயின்றார். அசையாத மெட்டுகளையுடைய கருவியில், ஒரு சுரத்தினின்று மற்றொன்றிற்கு வழுக்கியும், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தும் கமகங்களை எழுப்புதல் வேண்டும். தந்தியை எவ்வளவு இழுப்பது என்பதை மெட்டு கூறாது. செவி ஒன்றே கூறும்.

வயதாகிவிட்டது என்று வருந்துவோர்க்கு இளையராசாவை நினைவூட்டலாம். பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்து, 1968ஆம் ஆண்டளவில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசையைக் கற்கத் தொடங்கியபோது அவருக்கு அகவை இருபத்தைந்து. ‘அன்னக்கிளி’ வெளிவந்தது 1976இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பிற இசையமைப்பாளர்களின் குழுக்களில் கிட்டார் வாசித்து வந்தார்.

“என் சுண்டுவிரல் குட்டை ஐயா!” என்று மாணவன் இறுதியாக ஒரு வாதம் கொண்டுவந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. பெல்சிய நாட்டிற் பிறந்த ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பார் 1928ஆம் ஆண்டு தம் வண்டிவீட்டில் பற்றிய தீயில் சிக்கினார். இடக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் வளைந்து செயலற்றுப்போயின. நோய்ப்படுக்கையில் இருந்தவாறே, எஞ்சிய இரு விரல்களால் மெட்டுகளில் ஓடப் புதிதாகப் பழகினார். 1934இல் பாரிசு நகரில் வயலின் கலைஞர் கிராப்பெல்லியோடு சேர்ந்து அவர் தொடங்கிய குழுவின் இசைப்பதிவுகள் இன்றும் கிட்டார் பயில்வோரை வியக்கச் செய்கின்றன. இதைக் கேட்ட பின் சுண்டுவிரலைப் பற்றிய பேச்சு எழவில்லை.

ஆனால், பெரியோர் வரலாறு ஒரு மாலைப் பொழுதின் ஊக்கமே தரும். மறுநாட் காலையில் வேண்டுவது பழக்கம். ஞாயிறன்று மூன்று மணி நேரம் வாசிப்பதினும் நாள்தோறும் இருபது நிமிடம் வாசிப்பது மேல். பகலிற் பழகிய அசைவை மூளை உறக்கத்தின்போது உறுதிப்படுத்துகிறது என்பதை அறிவியலார் கண்டுள்ளனர். ஏழு நாள் பழகியவன் ஏழு இரவின் பயனையும் பெறுகிறான். கருவியை உறைக்குள் பூட்டி வைக்காமல், கைக்கெட்டும் இடத்தில் சாய்த்து வைத்தல் நன்று. எடுப்பதற்குரிய சோம்பலே பாதித் தடை. மழைக்காலத்தில் மட்டும் ஈரச் சுவரினின்று விலக்கி வைக்குமாறு அவனிடம் சொன்னேன். நம் பக்கத்துக் கடற்காற்றும் விரல் வியர்வையும் தந்தியைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், வாசித்து முடித்ததும் துணியால் துடைக்கவும் சொன்னேன்.

இருபது நிமிடத்தில் முதற்பகுதி, வராததற்கு உரியது. பாடல் முழுவதையும் மீண்டும் மீண்டும் வாசித்து, ஒரே இடத்தில் ஒரே வகையாக இடறுவோர் பலர். விரலுக்கு நன்மை தீமை தெரியாது. பிழையைப் பத்து முறை செய்தால் பிழையையே கற்றுக்கொள்ளும். ஆகவே இடறும் இரண்டு அடிகளை மட்டும் எடுத்து, பிழை வராத அளவிற்கு வேகத்தைக் குறைத்து வாசித்தல் வேண்டும். எஞ்சிய நேரத்தில் விரும்பிய பாடலை விரும்பியவாறு வாசிக்கலாம். அவ்வின்பமும் இல்லையேல் யார்தாம் நாள்தோறும் கருவியை எடுப்பர்? இவ்விடத்தில் கண்டிப்பு மிகுந்த ஆசிரியர் சிலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு.

அவன் இரண்டறை வீட்டில் வாழ்பவன். தம்பி படிக்கும் நேரத்தில் வாசிக்க இயலாது. எனவே விடியற்காலையில் மொட்டைமாடியைத் தேர்ந்துகொண்டான். மின்தொடர்வண்டியின் ஊதல், மீனம்பாக்கத்தில் இறங்கும் வானூர்தியின் இரைச்சல், காகங்களின் கரைவு ஆகியவற்றிற்கிடையே அவன் எஃப் சுரக்கூட்டு எழுந்தும் விழுந்தும் எங்கள் தெருவை எழுப்பியது. முறையிட வந்த முதியவர் ஒருவர், ஒரு வாரம் கழித்து, “இன்று ஏன் வாசிக்கவில்லை?” என்று கேட்டதாகச் சொன்னான்.

அவனுக்கு நான் இட்ட வேலை இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் ஒரே பாடலின் ஒரே பகுதியை ஒரு நிமிடம் வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்தல் வேண்டும். ஆனால், எட்டு வாரம் முடியும்வரை எதனையும் கேட்டல் கூடாது. செவியின் தீர்ப்பை அன்றன்றே கேட்டால் மனம் தளரும். முதல் ஞாயிற்றையும் எட்டாம் ஞாயிற்றையும் எதிரெதிரே வைத்தால் செவியே சாட்சியாக வந்து நிற்கும்.

எட்டாம் ஞாயிறு மாலை அவன் தந்தையாரையும் உடன் அழைத்துக்கொண்டு வந்தான். முதற்பதிவு ஒலித்தது. பாதியிலேயே, “ஐயா, இது நானா?” என்று காதைப் பொத்திக்கொண்டான். தன் வாசிப்பு அத்துணைக் கரடுமுரடாக இருந்ததை அப்போது அவன் அறிந்திருக்கவில்லை. பின்னர் எட்டாம் பதிவு ஒலித்தது. அதிலும் பிழைகள் இருந்தன. அவற்றை அவனே எண்ணிச் சொன்னான்: நான்கு. முதற்பதிவில் எத்தனை என்று கேட்டேன். எண்ண முடியவில்லை என்றான். தந்தையார் ஒன்றும் பேசவில்லை. எட்டாம் பதிவை மறுமுறை வைக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

கருவியை விற்கும் பேச்சு அதன் பின் எழவில்லை. சென்ற வாரம் மூன்றாம் தந்தி அறுந்தபோது அவனே புதுத்தந்தி வாங்கிவந்து பூட்டி, சுருதி கூட்டிக்கொண்டான். ஞாயிற்றுப் பதிவுகள் தொடர்கின்றன. முதல் மெட்டில் எஃப் சுரக்கூட்டை வாசிக்கும்போது இரண்டாம் தந்தி மட்டும் இன்னும் சில வேளைகளில் ஊமையாகவே நின்றுவிடுகிறது.